படிக்கட்டில் பார்த்ததும் அறைக்குள் கேட்டதும்

பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்ற பேச்சு காதில் விழாத அலுவலகம் ஒன்றில்கூட நான் வேலை பார்த்ததில்லை. இரண்டு பெண்களுக்கு நடுவே சின்ன மனத்தாங்கல் வந்தால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். ஆண்கள்தான் சொல்வார்கள் என்று நினைக்க வேண்டாம். பெண்கள் சொல்லித்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன், அதுவும் தாங்கள் பட்ட ஒரு காயத்தை விவரித்து முடித்த கையோடு. “எனக்கு ஆம்பளை மேனேஜரே பரவாயில்லப்பா” என்பது அடுத்து வரும் வரி. மறுத்துப் பேச வாயெடுப்பேன். அப்புறம் சொல்கிறவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வேன். அவர் சொல்லும் சம்பவம் பொய்யில்லை. அவருடைய விடுப்பை மறுத்தது ஒரு பெண்தான். அவர் எழுதிய அறிக்கையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டதும் ஒரு பெண்தான். நடந்ததை நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

எனக்கு உறுத்துவது அந்தச் சம்பவங்களை வைத்துப் போடும் கணக்கு. இரண்டு ஆண் அதிகாரிகள் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இயக்குநரையும் காப்பியில் வைத்து மெயிலிலேயே ஒருவரை ஒருவர் குத்துவார்கள். ஒருவர் கேட்ட ஆளை இன்னொருவர் விடமாட்டார். அதற்கு ‘ஈகோ’ என்று பெயர் வைப்போம், “ரெண்டு பேருமே ஸ்ட்ராங்கான ஆளுங்க” என்போம், வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆணுக்கு ஆண்தான் எதிரி என்று அதிலிருந்து யாரும் முடிவு கட்டுவதில்லை. அந்த இருவரின் குணம் அந்த இருவரோடு நின்றுவிடுகிறது. பெண்களின் சண்டை மட்டும் எப்படியோ பெண் இனத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது.

இது என் மனக்குறை மட்டும் இல்லை. லியா ஷெப்பர்ட், கார்ல் அக்வினோ என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். இரண்டு மேலாளர்களுக்கு இடையே வந்த ஒரு மோதலை எழுதி, பலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். மோதல் எல்லோருக்கும் ஒன்றுதான், பெயர்கள் மட்டும் வேறு. சிலருக்கு இரண்டு ஆண்கள், சிலருக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும், சிலருக்கு இரண்டு பெண்கள். இரண்டு பெண்கள் மோதுவதாகப் படித்தவர்கள்தான், இந்த உறவு இனி ஒட்டுவது கஷ்டம் என்று மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். வேலையிலேயே அவர்களுக்குப் பிடிப்பு குறைந்துவிடும் என்றும் எதிர்பார்த்தார்கள். அப்படி நினைத்ததில் ஆண் வாசகர், பெண் வாசகர் என்ற வித்தியாசம் இல்லை. அதாவது, சண்டை தொடங்கும் முன்பே அதன் முடிவை நாம் எழுதி வைத்திருக்கிறோம்.

“எனக்கு யாரும் விட்டுக்கொடுக்கல”

சரி, பெண் மேலதிகாரிகளால் பெண்கள் படும் பாடு பொய்யா? இல்லை. எனக்கே நடந்திருக்கிறது. குழந்தை பிறந்து நான் வேலைக்குத் திரும்பியபோது என் மேலதிகாரி ஒரு பெண். அந்தத் தளத்தில் அவர் அளவுக்கு மேலே வந்த பெண் வேறு யாரும் இல்லை. சாயங்காலம் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி, மீதி வேலையை இரவில் வீட்டிலிருந்து முடித்துத் தருகிறேன் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “உன் வயசுல நான் குழந்தைக்குக் காய்ச்சல்னு ஒரு நாள்கூட சொன்னதில்ல. எனக்கு யாரும் விட்டுக்கொடுக்கல” என்றார். நான் நடத்திக்கொண்டிருந்த ப்ராஜெக்ட் கொஞ்ச நாளில் வேறு ஒருவர் கைக்குப் போனது. கேட்டதற்கு, உன் நல்லதுக்குத்தான் என்று பதில் வந்தது.

இந்த வகை மேலதிகாரிக்கு ‘ராணித் தேனீ’ என்று பெயர் சூட்டி வெகு காலமாகிவிட்டது. கிரஹாம் ஸ்டெயின்ஸ், கேரல் டாவ்ரிஸ், டோபி ஜெயரத்னே மூவரும் 1974-இல் எழுதிய கட்டுரையோடு அந்தப் பெயர் பரவியது: ஆண்கள் நிறைந்த இடத்தில் முட்டி மோதி மேலே வந்த பெண், மற்றப் பெண்கள் வருவதை விரும்புவதில்லை என்பது அதன் சாரம். பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு நடந்த ஆய்வுகள் அந்த அளவுக்குப் பரவவில்லை, அதில்தான் எனக்கு வருத்தம்.

நவோமி எல்லமர்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆண்களிடமும் பெண்களிடமும் தங்கள் வேலையில் எவ்வளவு ஈடுபாடு என்று கேட்டார்கள். இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் பேராசிரியர்களிடம் கேட்டபோது, பெண் மாணவிகளுக்கு ஈடுபாடு குறைவு என்ற எண்ணம் வெளிப்பட்டது. அப்படி நினைத்தவர்களில் பெண் பேராசிரியர்கள் முன்னணியில் இருந்தார்கள், அதிலும் முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவர்கள். இத்தாலியிலும் இதே போக்கு தெரிந்தது. இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு என் மேலதிகாரியின் குரல்தான் கேட்டது. அந்தத் தலைமுறைப் பெண்கள் தங்கள் வீட்டையும் உடம்பையும் உறக்கத்தையும் விலையாகக் கொடுத்து அந்த இடத்தைப் பிடித்தவர்கள். அந்த விலையைக் கொடுக்காமல் ஒருத்தி உள்ளே வர முடியும் என்று ஒப்புக்கொண்டால், தான் கொடுத்தது எதற்கு என்ற கேள்வி அவர்கள் முன்னால் வந்து நிற்கும். 

பெல் டெர்க்ஸும் எல்லமர்ஸும் இன்னும் சிலரும் சேர்ந்து நெதர்லாந்தின் மூத்த பெண் காவல் அதிகாரிகளிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வந்தது. அதிகாரிகளில் ஒரு பகுதியினரிடம், பெண் என்பதால் வேலையில் தாழ்வாக நடத்தப்பட்ட ஒரு தருணத்தை நினைத்து எழுதச் சொன்னார்கள். மற்றவர்களிடம், தங்கள் திறமையை மட்டுமே வைத்து மதிக்கப்பட்ட தருணத்தை எழுதச் சொன்னார்கள். பெண் என்ற அடையாளத்தோடு வேலையில் அதிகம் ஒட்டாத அதிகாரிகள், தாழ்த்தப்பட்ட நினைவைக் கிளறிய பிறகு மற்றப் பெண்களிடமிருந்து இன்னும் விலகினார்கள், தங்களை ஆண்களைப் போன்றவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். அந்த அடையாளத்தோடு ஒட்டியவர்கள், அதே நினைவு வந்தபோது, கீழே இருக்கும் பெண்களுக்கு வழி செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் உறுதியானார்கள். திறமையை மட்டும் வைத்து மதிக்கப்பட்டதை நினைத்துப் பார்த்த குழுவில் அந்த விலகல் தலைதூக்கவில்லை. ராணித் தேனீ பிறவியிலேயே அப்படி இல்லை, அவமதிப்பு நிறைந்த இடம் சிலரை அப்படி ஆக்குகிறது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

இதைப் படித்ததும் என் மேலதிகாரியை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். மன்னிக்கவில்லை. தனக்கு நடந்தது தப்பு என்று தெரிந்தவருக்கு, அதைத் தனக்குக் கீழே இருப்பவளுக்குச் செய்யாமல் இருக்கும் வாய்ப்பும் இருந்தது. காவல் அதிகாரிகளில் ஒரு பகுதியினர் அந்த வாய்ப்பை எடுத்துக்கொண்டார்கள் அல்லவா? காரணம் சொல்வது வேறு, கணக்கைத் தீர்ப்பது வேறு.

ஒரே ஒரு இடம்

போட்டி எங்கே முளைக்கிறது என்று தேடினால், பெண்களின் மனதைத் தோண்டுவதற்கு முன்னால் எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ரோசபெத் மாஸ் கேன்டர் என்ற சமூகவியலாளர் 1977-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு குழுவில் ஒரு வகையினர் 15 சதவீதம் அல்லது அதற்கும் கீழே இருந்தால், அவர்களில் ஒவ்வொருவரும் தனி மனிதராகப் பார்க்கப்படுவதில்லை, தங்கள் வகையின் மாதிரியாகவே பார்க்கப்படுவார்கள் என்றார். மேல்மட்டக் கூட்டத்தில் ஒரே பெண்ணாக உட்கார்ந்த எவருக்கும் இது தெரியும். இரண்டாவதாக ஒருத்தி வந்தால் உடனே ஒப்பீடு தொடங்கிவிடும். இவளா அவளா என்ற கேள்வி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டு ஆண்களில் யாரையும் தொடாது.

கிறிஸ்டியன் டெஸோ, டேவிட் ராஸ், ஹோசே உரிபே மூவரும் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 1,500-ஐ இருபது ஆண்டுத் தகவல்களை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு பெண் மேல்மட்டத்துக்கு வந்தால் அவர் வழியாக இன்னும் பலர் வருவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். நடந்தது தலைகீழ். மேல்மட்டக் குழுவில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தால், இன்னொரு பெண் அங்கே வரும் வாய்ப்பு சுமார் பாதியாகக் குறைந்தது. ‘பார், அவள்தான் தடுக்கிறாள்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் தடுப்பது பெண் என்றால், நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலேயே பெண் இருக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும். தடுக்கும் அதிகாரம் அங்கேதான் அதிகம். அங்கே அப்படி இல்லை, மற்றப் பெண்கள் மேலே வரும் வாய்ப்பு கூடியே இருந்தது. ஒரு பெண்ணை எடுத்தாயிற்று, கடமை முடிந்தது என்று நிறுவனம் கை கழுவிவிடுகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். ஒரே ஒரு இடத்தை வைத்துவிட்டு, அதற்காக இருவர் மோதும்போது அதைப் பெண்களின் இயல்பு என்கிறோம்.

கட்டத்தில் இருந்த வரி

மேலே எழுதியதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. என் எண்ணத்தை ஒரு வழிக்குக் கொண்டுவந்தது பல ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் நடந்த அப்ரைசல் கூட்டம். அங்கே தணிக்கைப் பிரிவின் தலைவராக ஒரு மேடம் இருந்தார். பில்லிங் பிரிவில், அவரைவிடப் பதினைந்து வயதாவது இளைய ஒரு பெண். இருவருக்கும் ஆகாது. இளையவள் அனுப்பும் அறிக்கைகளை, இணைப்பு இல்லை, கையெழுத்து இல்லை என்று மேடம் திருப்பி அனுப்புவார். ஒரு தடவை இளையவள் பொறுமை இழந்து, ‘உங்கள் பிரிவால்தான் எல்லாமே தாமதமாகிறது’ என்று மெயில் எழுதி இயக்குநருக்கும் காப்பி போட்டாள். அதன் பிறகு படிக்கட்டில் எதிரெதிரே வந்தால்கூட இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அலுவலகம் முழுக்க இதைத்தான் பேசியது. யார் யாரை என்ன சொன்னார் என்று தினமும் ஒரு புதுக் கதை வரும்.

ஆண்டு முடிவில் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் உட்கார்ந்து ரேட்டிங்கை முடிவு செய்யும் கூட்டம். நான் அதில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். சுவரில் எக்செல் தாள் பெரிதாகத் தெரிந்தது, ஒரு வரிக்கு ஒரு பெயர், கடைசிக் கட்டத்தில் மேலாளரின் கருத்து. இளையவளின் பெயர் வந்தது. அவளுடைய மேலாளர் இரண்டாம் நிலை ரேட்டிங் போட்டிருந்தார். கருத்துக் கட்டத்தில் ‘சக பெண் அதிகாரிகளுடன் இணக்கமாகச் செயல்படுவதில்லை’ என்று ஒரு வரி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக மேடம் இருந்த பக்கம் திரும்பினார்கள். அவர் தலையாட்டினால் போதும், அடுத்த பெயருக்குப் போய்விடலாம் என்பது போல இருந்தது.

மேடம் தன் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். “நான் அவங்க அறிக்கையைத் திருப்பி அனுப்பினது எல்லாம் இதுல இருக்கு. அதுல ரெண்டு தடவை தப்பு எங்க பிரிவுல. அதையும் குறிச்சு வெச்சிருக்கேன், பாத்துக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “எனக்கும் அவங்களுக்கும் ஒத்துப்போகாது. அது வேற விஷயம். வருஷக்கணக்கா நின்னு போயிருந்த பாக்கி இந்த வருஷம் வசூலாயிருக்குன்னா, அது அவங்க கொண்டுவந்த மாத்தத்தாலதான். அந்தக் கட்டத்துல அதை எழுதணும். இந்த வரி இருக்கக் கூடாது.”

மேலாளர் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். குழுவாக வேலை செய்வதும் ஒரு திறமைதானே மேடம் என்றார். அதற்கு அவர், குரலை உயர்த்தாமல், “கொள்முதல் சாரும் கிடங்கு சாரும் போன வருஷம் ஆறு மாசம் பேசிக்கல. ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க. போன வருஷத்துத் தாளைத் திறங்க. அவங்க பேருக்கு நேரா இப்படி ஒரு வரி இருக்கான்னு பாப்போம்” என்றார். பர்சனல் பிரிவில் இருந்து வந்தவர் நிஜமாகவே பழைய தாளைத் திறந்தார். அந்த இரண்டு பெயர்களையும் தேடி எடுத்தார். ஒருவருக்கு ‘உறுதியான தலைமை’ என்று இருந்தது. இன்னொருவருக்கு ‘தன் பிரிவின் நலனுக்காக விட்டுக்கொடுக்காமல் நிற்பவர்’. திரும்ப இந்த வருஷத்துத் தாளுக்கு வந்து, அந்த வரியை அழித்துவிட்டு, பாக்கி வசூலைப் பற்றி எழுதினார். ரேட்டிங் மாறியது. கூட்டம் அடுத்த பெயருக்குப் போனது.

இதற்குப் பிறகு இருவரும் நட்பாகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மேடம் அறிக்கைகளைத் திருப்பி அனுப்புவதை நிறுத்தவில்லை. அந்தக் கூட்டத்தில் பேசுவது வெளியே போகக் கூடாது என்பதால், இளையவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. ரேட்டிங் கடிதம் கையில் வந்த வாரத்தில்கூட அவள் என்னிடம், “அந்த மேடம் இருக்கிற வரைக்கும் என்னை மேல வர விடமாட்டாங்க, பெண்ணுக்குப் பெண்தான் எதிரி” என்றாள். அப்போது அவளிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இருவருமே அந்த அலுவலகத்தை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிவிட்டதால் இப்போது எழுதுகிறேன், பிரிவுகளையும் அடையாளங்களையும் மாற்றித்தான்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கணக்கின் கோளாறு பிடிபட்டது. பெண்களின் சண்டை படிக்கட்டில் நடக்கிறது, எல்லோர் கண்ணிலும் படுகிறது, படாவிட்டாலும் யாராவது சொல்லிவிடுவார்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்காகப் பேசும் பேச்சு பெரும்பாலும் அவள் இல்லாத அறையில், கதவு மூடிய பிறகு நடக்கிறது. யாருக்காகப் பேசினாரோ அவளுக்கே அது தெரிவதில்லை. இந்தக் கணக்கில் செலவு முழுக்க எழுதப்படுகிறது, வரவு எழுதப்படுவதே இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு வாழ்நாள் முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் புரிந்தது. மேடம் அவளை நேசிக்கவில்லை. அக்கா தங்கை என்று உறவு கொண்டாடவில்லை. அவளோடு ஒரு தேநீர்கூடக் குடித்ததில்லை. ஆனாலும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு எவரும் செய்யாத ஒன்றைச் செய்தார். ஆண் சகாக்களிடம் நாம் நியாயத்தை எதிர்பார்க்கிறோம், கிடைத்தால் திருப்தியாகிவிடுகிறோம். பெண் சகாக்களிடம் பாசத்தையும் சேர்த்து எதிர்பார்க்கிறோம், பாசம் இல்லை என்றதும் துரோகம் என்கிறோம். கண்டிப்பான ஆண் மேலாளர் கண்டிப்பானவராகவே இருந்துவிடலாம். கண்டிப்பான பெண் மேலாளர் மட்டும் தாய்மை இல்லாதவர் ஆகிவிடுகிறார். பாசம் வந்தால் நல்லதுதான். வராவிட்டாலும் ஒருவர் நமக்காக உண்மையைச் சொல்லலாம் என்பதை நாம் பெண்களுக்கு மட்டும் அனுமதிப்பதில்லை.

சாண்ட்ராவும் ரூத்தும்

இதற்கு ஊரறிந்த ஓர் உதாரணம் உண்டு. சாண்ட்ரா டே ஓ’கானர் 1952-இல் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் முடித்து, மிகச் சிறந்த மதிப்பெண்களோடு வேலை தேடியபோது, ஒரு சட்ட நிறுவனம் அவருக்குச் செயலர் வேலையைத்தான் காட்டியது. அவரே 1981-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். இரண்டாவது பெண்ணாக ரூத் பேடர் கின்ஸ்பர்க் 1993-இல் வந்தார். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே ஓ’கானர் மட்டும்தான். ஒருவரைக் குடியரசுக் கட்சி அதிபர் நியமித்தார், மற்றவரை ஜனநாயகக் கட்சி அதிபர். பல வழக்குகளில் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். தோற்றத்திலும் பேச்சிலும் ஒற்றுமையே கிடையாது. ஆனாலும் வாதாட வந்த வழக்கறிஞர்கள் ஒருவரை இன்னொருவர் பெயர் சொல்லி அழைத்தார்கள். பெண் நீதிபதிகள் சங்கம் இருவருக்கும் ‘நான் சாண்ட்ரா, ரூத் இல்லை’, ‘நான் ரூத், சாண்ட்ரா இல்லை’ என்று எழுதிய சட்டைகளைப் பரிசாகக் கொடுத்தது.

கின்ஸ்பர்க்குக்கு முதன்முதலாக எழுதக் கிடைத்தது ஓய்வூதியச் சட்டம் பற்றிய சலிப்பூட்டும் வழக்கு. என்ன செய்வது என்று ஓ’கானரிடம் போய்க் கேட்டார். புலம்பாமல் எழுதி முடி, அடுத்த வழக்குகளைப் பிரித்துக் கொடுக்கும் முன் வரைவைக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் இதே மாதிரி இன்னொன்று வந்து சேரும் என்பதுதான் அவர் சொன்ன யோசனை. அந்த வழக்கில் ஓ’கானர் கின்ஸ்பர்க்கின் தீர்ப்பை ஏற்கவில்லை, எதிர்த்தவர்களோடு சேர்ந்தார். ஆனால் கின்ஸ்பர்க் நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஊழியரிடம் கொடுத்து அனுப்பினார். இது உங்கள் முதல் தீர்ப்பு, நன்றாக வந்திருக்கிறது, இன்னும் பலவற்றை எதிர்பார்க்கிறேன் என்று அதில் இருந்தது. எதிர்த்து வாக்களித்த கை எழுதிய சீட்டு அது.

பெண்களைச் சேர்க்க மறுத்த விர்ஜீனியா ராணுவக் கல்லூரி வழக்கு 1996-இல் வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதும்படி நீதிபதி ஸ்டீவன்ஸ் ஓ’கானரைத்தான் கேட்டார். சரித்திரத்தில் இடம்பெறப் போகும் தீர்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும். இதை ரூத்தான் எழுத வேண்டும் என்று ஓ’கானர் சொல்லிவிட்டார். கின்ஸ்பர்க் எழுதினார், 1982-இல் ஓ’கானர் எழுதிய ஒரு தீர்ப்பை அடித்தளமாக வைத்தே எழுதினார். பின்னால் கின்ஸ்பர்க்குக்குப் புற்றுநோய் வந்தபோது, தானும் அதைக் கடந்து வந்திருந்த ஓ’கானர், கீமோதெரபியை வெள்ளிக்கிழமைகளில் வைத்துக்கொள், சனி ஞாயிறில் தேறி திங்கள்கிழமை வேலைக்கு வந்துவிடலாம் என்று சொல்லிக் கொடுத்தார். ஓ’கானர் 2006-இல் ஓய்வு பெற்ற பிறகு 2009 வரை கின்ஸ்பர்க் அங்கே ஒரே பெண்ணாக இருந்தார். தனிமையாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். இவை எல்லாம் நமக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், சம்பந்தப்பட்டவர்கள் வெளியே சொன்னார்கள் என்பதுதான். சொல்லாமல் போயிருந்தால், எதிரெதிராக வாக்களித்த இரண்டு பெண்கள் என்ற பதிவு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

பேசுகிறவர்கள் ஏன் வெளியே சொல்வதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. டேவிட் ஹெக்மனும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மற்றப் பெண்களுக்காகவும் சிறுபான்மையினருக்காகவும் வெளிப்படையாக நிற்கும் பெண் அதிகாரிகளுக்கு மதிப்பீடு குறைந்தது. அதையே செய்த வெள்ளையின ஆண் அதிகாரிகளுக்கு எந்தக் குறைவும் இல்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் பெயரைச் சொன்னால், தன் ஆளுக்குப் பேசுகிறாள் என்று பார்க்கிறார்கள். பேசாமல் இருந்தால் ராணித் தேனீ. அன்றைக்கு மேடம் டைரியைத் திறந்து கணக்கு வைத்துப் பேசியது ஏன் என்று இதைப் படித்த பிறகு எனக்கு இன்னும் தெளிவானது. வெறும் சிபாரிசாகச் சொல்லியிருந்தால் அது எடுபட்டிருக்காது. அந்த அறையில் இருந்த ஆண்கள் எவருக்கும் இந்த ஆபத்து கிடையாது. கொள்முதல் சாரோ கிடங்கு சாரோ அதே கேள்வியைக் கேட்டிருக்கலாம், ஒரு துளி நஷ்டமும் இல்லாமல். தங்கள் பெயரைக் கேட்ட பிறகும் அவர்கள் வாய் திறக்கவில்லை. பெண்கள் ஏன் பெண்களை ஆதரிப்பதில்லை என்று அக்கறையாகக் கேட்கும் ஆண்கள், அடுத்த அப்ரைசல் கூட்டத்தில் ஒரே ஒரு வரியை எடுத்துப் பேசிப் பார்க்கட்டும்.

போட்டி போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லப்போனால் பெண்கள் ஒருவரோடு ஒருவர் வெளிப்படையாகப் போட்டி போட வேண்டும், அது பகை என்று பெயர் வாங்காமல். என் இப்போதைய குழுவில் இரண்டு இளம் பெண்கள், நெருங்கிய தோழிகள். ஒரே பதவிக்கு இருவருமே தகுதியானவர்கள். அதில் ஒருத்தி வந்து, “அவ என் ஃபிரெண்ட் மேடம். நானும் அப்ளை பண்ணா தப்பா நினைப்பாளோ?” என்று கேட்டாள். விண்ணப்பித்துவிடு, ஆனால் வேறு யாரும் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம், முதலில் நீயே சொல்லிவிடு என்றேன். சொன்னாள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருத்தி எழுதிய சுயமதிப்பீட்டை இன்னொருத்தி படித்தாள். ‘குழுவோடு சேர்ந்து செய்தேன்’ என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம், “இதை நீதானே செஞ்ச, நீ செஞ்சேன்னு எழுது” என்று மாற்ற வைத்தார்கள். பதவி ஒருத்திக்குத்தான் கிடைத்தது. கிடைக்காதவள் சில நாள் சோர்ந்துதான் இருந்தாள். இப்போது எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று என்னிடம் ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

கிடைக்காதவளுக்கு அடுத்த மாதம் வேறொரு பிரிவில் அதே நிலைப் பதவிக்கு அழைப்பு வந்தது. சம்பளம் எவ்வளவு கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தோழியிடம் நேராகவே கேட்டாள். தோழி தன் நியமனக் கடிதத்தைத் திறந்து, அடிப்படைச் சம்பளம், போனஸ் எல்லாவற்றையும் காட்டிவிட்டாள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு பேசியதில், முதலில் சொன்ன தொகையைவிட அதிகமாகவே கிடைத்தது. இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். “தாராளமா எழுதுங்க மேடம். சம்பளத்தை இப்படி வாய்விட்டுக் கேக்கலாம்னு எனக்கே தெரியாது. மத்தவங்களும் கேக்கட்டும்” என்றாள், சம்பளத்தைக் கேட்டவள்.